குவார்ட்டருக்குக் கீழே அளவே இல்லாத ஊரில் ‘அளவாகக் குடி’ என்று யார் சொல்வது?

தஞ்சை செல்வம்:
தேர்தல் நெருங்கினால் நம் ஊரில் மதுவைப் பற்றி இரண்டே பேச்சுதான். மொத்தமாக மூடு என்பது ஒன்று, படிப்படியாக மூடுகிறோம் என்பது இன்னொன்று. 2016-ல் ஜெயலலிதா மறுபடி பதவியேற்ற கையோடு 500 கடை, 2017-ல் எடப்பாடி வந்ததும் 500 கடை, 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு 500 கடை. சரி, இவ்வளவு மூடிய பிறகு 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். விலை ஏறியதும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடையை மூடினால் அங்கே குடித்தவர் அடுத்த கடைக்கு நடப்பார், அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. குடிப்பவரைக் குறைவாகக் குடிக்க வைப்பது. அதைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறப்பதில்லை. நான் போட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாமே பெரும்பாலும் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி. பிரிட்டனில் 10 மில்லி சுத்த ஆல்கஹாலை ஒரு யூனிட் என்கிறார்கள், வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாதே என்று 2016-லிருந்து அந்நாட்டு மருத்துவத் தலைமை சொல்லி வருகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவுதான், அதையும் மூன்று நாளோ அதற்கு மேலோ பிரித்துக் குடிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் குவார்ட்டர் ஒன்று 7.7 யூனிட். இரண்டு குவார்ட்டர் முடிவதற்குள் ஒரு வாரத்து அளவு தாண்டிவிடும். இங்கே சாயங்காலம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இரண்டு குவார்ட்டரை முடித்துவிட்டு வண்டி எடுப்பவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கடையில் கிடைக்கும் மிகச்சிறிய பாட்டிலே அந்தக் குவார்ட்டர்தான். அதன்மேல் ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று அச்சடித்திருக்கும். எவ்வளவு குடித்தால் கேடு என்று அதில் ஒரு எழுத்து கிடையாது. கேடு என்று எழுதி கையில் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுகிறதா? இதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இழையைத் தொடங்குகிறேன். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

வாய்க்கால்மேடு:
அளவாகக் குடிக்கிறவன் எங்கே இருக்கிறான், காட்டுங்கள் அண்ணா. எங்கள் ஊரில் ‘ஒரு கட்டிங் மட்டும்’ என்று உள்ளே போனவர்கள் எல்லாம் தோளில் தொங்கித்தான் வெளியே வந்திருக்கிறார்கள்.

கிளாஸ்கோ ராஜி:
செல்வம் அண்ணா, நான் இங்கே ஸ்காட்லாந்தில் மருத்துவமனை வார்டில் நர்ஸ். ஈரல் கெட்டு வருகிறவர்களைத் தினம் பார்க்கிற வேலை. யூனிட் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இங்கே பாட்டிலுக்குப் பின்னால் எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், ஆனால் அதைப் படித்துவிட்டு மூடியைத் திருகி வைத்த நோயாளியை நான் கண்டதில்லை. ஸ்காட்லாந்தில் ஏதோ கொஞ்சம் வேலை செய்தது என்றால் அது விலைதான்.

முன்பு இங்கே மூன்று லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் வெள்ளை சைடர் என்ற மலிவான ஆப்பிள் மது வரும். 7.5 சதவீதம், அதாவது 22.5 யூனிட், விலை நாலு பவுண்டுக்குள். வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். 2012-ல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுக்குக் கீழே விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. விஸ்கி கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் இழுத்தது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, 2018 மே 1 முதல் யூனிட்டுக்கு 50 பென்ஸ். அன்றைக்கே அந்த மூன்று லிட்டர் பாட்டில் 11 பவுண்டு 25 பென்ஸ் ஆனது. அப்புறம் அதைக் கடைகளில் தேட வேண்டியிருந்தது. பாரில் குடிப்பவருக்கும் நல்ல விஸ்கி வாங்குபவருக்கும் ஒரு பைசா ஏறவில்லை, ஏனென்றால் அவை ஏற்கெனவே அந்த விலைக்கு மேலே இருந்தன. மலிவு விலையில் போதை தேடுகிறவரை மட்டும் தொட்டது.

2023-ல் அரசின் பொது சுகாதாரத் துறை கணக்குப் பார்த்தபோது, மதுவால் மட்டுமே வரும் மரணங்கள் இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதை விட 13.4 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் 65 பென்ஸாக ஏற்றிவிட்டார்கள்.

எண்கணிதன்:
ராஜி சொன்னதில் ஒரு பாதிதான் இருக்கிறது, மன்னிக்கவும். அதே ஸ்காட்லாந்தில் 2023-ல் மதுவால் இறந்தவர்கள் 1,277 பேர், 2008-க்குப் பிறகு அதுதான் அதிகம். ‘சட்டம் இல்லாவிட்டால் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்’ என்பது மாதிரிக்கணக்கு, கண்ணால் பார்த்த குறைவு கிடையாது. அப்புறம் ஏற்றிய விலை யாருக்குப் போகிறது? அது வரி கிடையாதே, கடைக்காரன் பைக்குத்தான் போகிறது. குடிக்கு அடிமையானவர்களில் சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள் என்று அதே ஆய்வுகளில் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் தெரியுமா? குவார்ட்டர் 200 ரூபாய் ஆனால் கள்ளக்குறிச்சி கருணாபுரம் மாதிரி இன்னும் பத்து இடத்தில் பாக்கெட் சாராயம் ஓடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது கடையில் சரக்கு இல்லாததால் கிடையாது. அதை விட மலிவாகப் பக்கத்துத் தெருவில் கிடைத்ததால்தான். அதற்கு முந்தைய வருஷம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் இதே மெத்தனால்தான். ஸ்காட்லாந்துக்காரனுக்கு இந்தப் பயம் இல்லை.

கிளாஸ்கோ ராஜி:
கோவிட் வருஷங்களில் வீட்டில் உட்கார்ந்து குடித்தவர்களின் கணக்கு அதில் இருக்கிறது, இங்கிலாந்தில் இதை விட வேகமாக ஏறியது. ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக் குடித்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது நிஜம். என் வார்டிலும் உண்டு. கள்ளச்சாராயத்தைப் பற்றி எனக்குப் பதில் இல்லை, அது உங்கள் ஊர்ப் பிரச்சினை, எனக்கும் அந்த ஊர்தான் என்றாலும்.

கடைக்கணக்கர்:
சில காலம் மதுக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவன் நான், இப்போது வேறு வேலை. அதனால் நீங்கள் பேசுவதில் எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன்.

கட்டிங் என்றால் என்ன என்று வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாது. கையில் எழுபது ரூபாய்தான் இருக்கிறது, குவார்ட்டர் 140. கடை வாசலில் நின்று முகம் முகமாகப் பார்ப்பார்கள். இன்னொருவர் அதே மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். ‘என்னண்ணே, கட்டிங்கா?’ அவ்வளவுதான் பழக்கம். காசைச் சேர்த்து ஒரு பாட்டில் வாங்கி, சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் டம்ளரில் சரிபாதி ஊற்றுவார்கள். கண்ணளவு அப்படி இருக்கும், ஒரு சொட்டு வித்தியாசம் வராது. தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப் பீய்ச்சி ஒரே மடக்கு. பெயர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். சைட் டிஷ் எல்லாம் கிடையாது, மாங்காய்க் கீற்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இவர்கள் பாதி குவார்ட்டரோடு போகிறார்களே, அதுதான் நம் ஊரில் நடக்கிற ஒரே அளவுக் குடி. அதைச் செய்ய வைப்பது கையில் இருக்கிற காசு. அதனால் விலை பேசாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. 2016-க்கு முன் காலை பத்து மணிக்குத் திறப்போம், அப்புறம் பகல் பன்னிரண்டு ஆக்கினார்கள். அந்த இரண்டு மணி நேரம் கட்டட வேலைக்காரர்களில் ஒரு கூட்டத்தைக் காப்பாற்றியது, மேஸ்திரிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் காலையில் கை நடுங்குகிறவருக்கு அந்த நேரம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு முந்தின இரவே ஒரு குவார்ட்டர் தலைமாட்டில் இருக்கும், இல்லாவிட்டால் சந்துக்குள் கூடுதல் விலைக்கு வாங்குவார். காந்தி ஜெயந்தி, வள்ளலார் நாள், மகாவீர் ஜெயந்தி இதற்கெல்லாம் கடை கிடையாது. முந்தின நாள் மாலை கூட்டத்தைப் பார்த்தால் மறுநாள் ஊரில் யாரும் குடிக்காமல் இருக்கப்போகிறார்கள் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மலர்க்கொடி:
படித்துக்கொண்டே வந்தேன். அளவு, யூனிட், மில்லி எல்லாம் ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற பேச்சாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா ‘அளவாகக்’ குடித்தவர்தான், ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் தொட மாட்டார். அந்த ஒரு குவார்ட்டருக்குப் பிறகு எங்கள் அம்மா எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் ஈரல் நன்றாகத்தான் இருந்தது.

2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விபத்தைக் குறைக்க நல்ல தீர்ப்பு. அடுத்த ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேல் கடை மூடினார்கள். அவற்றில் பலவற்றை எங்கே கொண்டுவந்து வைக்கப் பார்த்தார்கள்? ஊருக்குள், ரேஷன் கடை பக்கம், பள்ளிக்கூடம் போகிற வழியில். ரோட்டில் உட்கார்ந்தது முழுக்கப் பெண்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது. அந்தப் பெண்கள் யாரும் குவார்ட்டரை விடச் சின்னதாக 90 மில்லி பாட்டில் கேட்கவில்லை. மூடு என்றுதான் கேட்டார்கள். செல்வம் அண்ணா அதைப் ‘பழைய சண்டை’ என்று ஒதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

தஞ்சை செல்வம்:
மலர்க்கொடி, ஒதுக்கவில்லை தாயி. கடையை எங்கே வைப்பது என்பதில் அந்த ஊர்ப் பெண்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சட்டமே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், கிராமசபைத் தீர்மானத்துக்கு இன்று அந்த பலம் இல்லை. ஆனால் மொத்தமாக மூடினால் என்ன என்பதற்குப் பீகாரைப் பாருங்கள். பெண்கள் கேட்டுத்தான் 2016 ஏப்ரலில் நிதிஷ் மூடினார். அதற்கப்புறமும் அங்கே சாராயச் சாவு நின்றபாடில்லை.

மலர்க்கொடி:
இங்கே திறந்து வைத்தும்தான் கள்ளக்குறிச்சி நடந்தது.

சேலத்துக்காரன்:
வயசானவன் ஒரு சின்னச் செய்தி சொல்கிறேன். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது எங்கள் சேலம் ஜில்லாவில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி என்று ஒன்று கொண்டுவந்தார். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் திரும்ப மூடினார்கள், 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். மதுவிலக்கு போய்ப் போய் வந்தது, ஈடாக வந்த வரி மட்டும் ஒருநாளும் போகவில்லை. அதனால் ‘வருமானத்துக்கு என்ன செய்வது’ என்று அரசியல்வாதி கேட்டால் நான் சிரித்துக்கொள்வேன். 2003 வரை சில்லறைக் கடை தனியாரிடம் இருந்தது, டாஸ்மாக் மொத்த வியாபாரம் மட்டும்தான் செய்தது என்பதையும் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோம் வாசி:
‘அரசே சாராயம் விற்கலாமா’ என்று நம்மவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஸ்வீடன் ஞாபகம்தான். இங்கேயும் அரசுதான் விற்கிறது, சிஸ்டம்போலாகெட் என்று பெயர், 1955-லிருந்து. 3.5 சதவீதத்துக்கு மேல் உள்ளதை வீட்டுக்கு வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டும். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்துவான், ஞாயிறு திறக்கவே மாட்டான். இருபது வயது ஆக வேண்டும், கொஞ்சம் இளமையாகத் தெரிந்தால் முப்பது வயசுக்காரனிடமும் அடையாள அட்டை கேட்பான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் கிடையாது. பீரைக் குளிரவைத்துத் தரவே மாட்டான்! வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் குளிரவைத்துக் குடி என்பதுதான் சட்டத்தின் மனசு. லாபத்தைப் பெருக்குவது உன் வேலை இல்லை என்று அந்த நிறுவனத்துக்கே விதி. டாஸ்மாக் மாதிரியேதான் ஏகபோகம், ஆனால் அதை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நம் ஊரில் தீபாவளி முடிந்ததும் எத்தனை கோடி விற்றது என்று டிவியில் மண்டலவாரியாகப் போடுகிறார்கள்.

வாய்க்கால்மேடு:
குளிராத பீரா? அந்த நாட்டுக்கு நான் வரவில்லை சாமி.

மனநல மருத்துவர்:
அரசு மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவில் இருக்கிறேன். எல்லோரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மூன்று வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில், தமிழ்நாட்டில் ஆண்களில் நாலில் ஒருவர்தான் குடிக்கிறார், தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது அது. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீதிப் பேர் குடிக்காதவர்கள், அவர்கள்தான் முதல் ஆள். அவர்கள் யாருக்கும் ‘அளவாகக் குடி’ என்று விளம்பரம் செய்யவே கூடாது, குடிக்காதவருக்கு அது அழைப்பிதழ் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனமும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றுதான் சொல்கிறது. அதனால் ‘அளவாகக் குடி’ என்பதை இங்கே சுவரொட்டியாக ஒட்டாதீர்கள்.

இரண்டாவது ஆள், குடிக்கிறார், இன்னும் அடிமையாகவில்லை. வண்டியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டு வருவார், வயிற்றெரிச்சல் என்று வருவார், சுகர் மாத்திரைக்கு வருவார். அந்த இடத்தில் டாக்டரோ நர்ஸோ ஐந்து நிமிடம் உட்கார்ந்து எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு, ‘இது உங்களுக்கு அதிகம்’ என்று சொன்னாலே கணிசமானவர்கள் குறைக்கிறார்கள். இதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் உலக சுகாதார நிறுவனத்தில் தயாராக இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் பார்க்கிற மாதிரி இதையும் கேட்கலாம். ஐந்து நிமிடம்தான். ஆனால் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு எங்களுக்குக் கிடைப்பதே இரண்டு நிமிடம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது ஆள் குடிநோயாளி. 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 5.7 கோடிப் பேருக்கு மேல் குடியால் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். இவரிடம் அளவு பேசுவது வீண், ஒரு சொட்டுகூட அவருக்கு அளவு கிடையாது. ஆனால் திடீரென்று நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. 2020 மார்ச்சில் ஒரே இரவில் கடைகளை மூடினார்களே, அடுத்த சில நாட்கள் எங்கள் வார்டு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அப்புறம் பிதற்றல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுவார்கள். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கூட்டி வந்தவர்களும் உண்டு. கடை மூடும் தேதியை அறிவிக்கிற எந்த அரசும் அதோடு சேர்த்து எத்தனை படுக்கை தயார் என்று அறிவித்ததில்லை.

மலர்க்கொடி:
டாக்டர் ஐயா, என் தம்பி இப்போதைக்கு இந்த மூன்றாவது ஆள்தான். தானே நிறுத்திவிட்டேன் என்று நேற்றிலிருந்து சொல்கிறான், கை நடுங்குகிறது, ராத்திரி தூங்கவில்லை. விட்டுவிடலாமா?

மனநல மருத்துவர்:
விடாதீர்கள் அம்மா. இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், ஓ.பி. நேரம் முடிந்திருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. தினமும் குடித்தவர், நேற்று நிறுத்தினார் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து நாலைந்து நாள் வைத்திருப்பார்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மற்றதைத் தனி மடலில் எழுதுங்கள்.

எண்கணிதன்:
டாக்டர் பிரித்துச் சொன்ன பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. விலையை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் விலையின் வரிசை தப்பாக இருக்கிறது. குவார்ட்டர் 140 ரூபாய் என்றால் செல்வத்தின் கணக்குப்படி 10 மில்லி சுத்த ஆல்கஹால் 18 ரூபாய். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம், 170 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதே 10 மில்லி 33 ரூபாய். லைட் பீரில் இன்னும் அதிகம். கையில் 140 ரூபாயோடு வருகிறவனை அரசே பிராந்திப் பக்கம் தள்ளிவிடுகிறது. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம், பீரில் குறைத்துப் பிராந்தியில் கூட்டி வரிசையை மாற்றினால் போதாதா?

கடைக்கணக்கர்:
கையில் காசு குறைந்தவன் பீர் வாங்கமாட்டான் தம்பி, ‘வயிறுதான் நிறையும்’ என்பான். அந்த எண்ணத்தை மாற்ற விலை வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த சரக்கு விற்கும் எலைட் கடைக்கு வருகிற பையன்கள் வேண்டுமானால் உடனே மாறுவார்கள்.

தஞ்சை செல்வம்:
அப்படியானால் 90 மில்லி? 2023-ல் அமைச்சர் முத்துசாமி இதைப் பேச்சில் எடுத்தார், குவார்ட்டரைப் பங்குபோட ஆள் தேடி நிற்பவர்களுக்காக என்றார், எல்லாப் பக்கமும் அடி விழுந்தது. கர்நாடகாவில் 90 மில்லி அட்டைப் பாக்கெட்டில் எப்போதோ வந்துவிட்டது. கடைக்கணக்கர் அண்ணா, நீங்கள் சொல்லுங்கள், 90 வந்தால் குடி குறையுமா கூடுமா?

கடைக்கணக்கர்:
கட்டிங்குக்கு ஆள் தேடி நிற்பவன் ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடுவான், அவனுக்கு மாற்றம் எதுவும் இல்லை. குவார்ட்டர் வாங்குகிறவரில் சிலர் ஒன்றோடு நிறுத்திப் பார்ப்பார்கள். ஆனால் ஆள் கிடைக்காமல் சும்மா வீட்டுக்குப் போன நாட்கள் இனி இருக்காது. அப்புறம் அட்டைப் பாக்கெட் சட்டைப் பையில் அடங்கும், பள்ளிக்கூடப் பையிலும் அடங்கும். கண்ணாடி பாட்டில் கொஞ்சம் வெட்கப்பட வைக்கும்.

கிளாஸ்கோ ராஜி:
ஸ்காட்லாந்தில் 2011-லேயே மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்பதைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் சின்ன பாட்டில் பெரியதை விட மில்லிக்கு விலை கூடத்தான் இருக்கும். 90 மில்லியை 70 ரூபாய்க்கு விற்காமல் கொஞ்சம் கூட வைத்தால், சும்மா எடுத்துப் பார்க்கலாம் என்கிற புது ஆள் வருவது குறையும். குவார்ட்டர்காரரும் பாதியோடு நிறுத்த வழி இருக்கும்.

தஞ்சை செல்வம்:
75 ரூபாய் என்று வைக்கலாம். மலர்க்கொடிக்கு இதில் சம்மதம் இருக்காது, தெரியும்.

மலர்க்கொடி:
இல்லைதான். தம்பியை அட்மிட் செய்துவிட்டோம், அதற்கு மட்டும் டாக்டருக்கு நன்றி.

வாய்க்கால்மேடு:
75 என்று வைத்தால் மீதி அஞ்சு ரூபாய் சில்லறையை யார் தரப்போகிறார்கள் அண்ணா? எண்பது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.